பின்னிருக்கைச் சைகை

லோகநாயகி ஸ்கூட்டரில் ஏறுவதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் முன்பக்கக் கொக்கியில் கூடையை மாட்டுவாள். அதில் இரண்டு டப்பா இட்லியும் தண்ணீர்ப் புட்டியும் கீழே விரித்து உட்காருவதற்கு ஒரு பழைய போர்வையும் இருக்கும். பிறகு வாசலில் இரண்டாம் படியில் ஏறி நின்றுகொள்வாள். பரந்தாமன் வண்டியைப் படியோடு ஒட்டினாற்போலக் கொண்டுவந்து நிறுத்துவார். அவள் ஒரு பக்கமாக அமர்ந்து, தலைக்கவசத்தின் வாரைப் பூட்டி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, வலக்கையை அவருடைய வலத்தோளில் வைப்பாள். கை தோளில் பட்ட பிறகுதான் வண்டி நகரும்.

செவ்வாயும் வெள்ளியும் அவர்கள் வெளியே போகும் நாள்கள். ஆவடிக்கு வடக்கே கோவில்பதாகையில் இருக்கும் வீட்டிலிருந்து காலை ஆறரை மணிக்குப் புறப்படுவார்கள். அதிகத் தொலைவு போகமாட்டார்கள். ஒருநாள் பருத்திப்பட்டு ஏரியின் நடைபாதை. ஒருநாள் திருமுல்லைவாயில் கோயில். ஒருநாள் பூந்தமல்லிப் பூக்கடைகள். வெயில் இன்னும் முகத்தில் அறையாத பங்குனி மாதத்தில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். அம்பத்தூரில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் மகள் கார்த்திகா, "வாரத்துக்கு ரெண்டு தபா ஹனிமூனா?" என்று தொலைபேசியில் கேலி செய்வாள். லோகநாயகி, "வேலையப் பாருடி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். அந்தக் கேலி தனக்குப் பிடித்திருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவர்களுக்குத் திருமணமாகி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் முதல் முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு பங்குனியைக்கூட அவள் கணவரோடு கழித்ததில்லை. பரந்தாமன் ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் கிரேன் ஓட்டினார். ஊரெல்லாம் மார்ச் மாதம் என்று சொல்வதைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் 'டார்கெட்' என்று சொன்னார்கள். ஆண்டு முடிவதற்குள் இத்தனை படைவண்டிகளை வெளியே அனுப்பியாக வேண்டும் என்று கணக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பண்டிகை கிடையாது. காலைச் சங்கு ஊதியதும் குடியிருப்பின் எல்லாத் தெருக்களிலிருந்தும் சைக்கிள்கள் ஆறுபோலப் புறப்பட்டுப் பெரிய வாயிலை நோக்கி ஓடும். மாலையில் அந்த ஆற்றில் பாதிதான் திரும்பி வரும். மீதிப் பேர் ஓவர்டைமில் இருப்பார்கள். பரந்தாமன் எப்போதும் அந்த மீதியில்தான் இருந்தார்.

நூம்பலில் நிலபுலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, திருமணமாகி அந்தக் குடியிருப்புக்கு வந்த முதல் ஆண்டில் லோகநாயகிக்கு அது விளங்கவில்லை. பங்குனி உத்திரத்துக்குப் பிறந்தவீட்டுக்குப் போகலாம் என்று புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு மாலை ஐந்து மணியிலிருந்து வாசலில் நின்றாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த முத்தம்மாள், மதுரைப் பக்கத்துக்காரி, மதிற்சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள்.

"யாருக்காக ஆத்தா நிக்கிற? உன் புருசனுக்கா?"

"ஆமாக்கா. அஞ்சு மணிக்கு வந்துர்றேன்னாரு."

"மார்ச்ல அஞ்சு மணின்னா அது ஏப்ரல் அஞ்சு மணிம்மா. உள்ளே போய்ச் சேலையை மாத்திட்டுச் சாப்பிடு. நான் பன்னெண்டு வருசமா மாத்துறேன்."

அந்த ஆண்டு லோகநாயகி அழுதாள். அடுத்த ஆண்டு அழவில்லை. அதற்கடுத்த ஆண்டு, புதிதாக மணமாகி வந்த இன்னொரு பெண்ணிடம் முத்தம்மாள் சொன்னதையே இவளும் சொன்னாள்.

கணவர் என்ன வேலை செய்கிறார் என்பதை அவள் நேரில் கண்டது ஆயுதபூசையன்றுதான். அன்று ஒருநாள் மட்டும் குடும்பத்தாரை உள்ளே விட்டு, பூசை முடிந்ததும் கிரேனை ஓட்டியும் காட்டுவார்கள். கோயில் கோபுரத்தையே உள்ளே நிறுத்திவிடலாம் போன்ற கூடம். உத்தரத்தை ஒட்டி, இருபுறச் சுவர்களிலும் ஓடும் தண்டவாளத்தின்மீது கிரேன் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் பரந்தாமன். நாற்பதடி உயரத்தில் அவருடைய முகம் ஒரு காசளவுதான் தெரிந்தது. கீழே பாஸ்கரன் என்ற இளைஞன் கையை உயர்த்தி நின்றான். அவன் உள்ளங்கையை விரித்தால் கிரேன் நின்றது. சுட்டுவிரலைச் சுழற்றினால் கொக்கி இறங்கியது. கட்டைவிரலை ஒரு நெல்லளவு சாய்த்தால், பத்து டன் இரும்பு அந்தரத்தில் ஒரு நெல்லளவு சாய்ந்தது. ஒரு சொல்கூட இல்லை. இரைச்சலில் சொல்லுக்கு அங்கே இடமும் இல்லை. ஆனாலும் அந்த இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததாகவே லோகநாயகிக்குத் தோன்றியது. வீட்டில் அவர் வாயைத் திறப்பதே சோறு கேட்பதற்குத்தான். அன்று பாஸ்கரன்மீது அவளுக்குச் சிறிது பொறாமையும் உண்டாயிற்று.

ஓய்வு பெற்ற மறுவாரமே பரந்தாமன் ஸ்கூட்டர் வாங்கினார். "பங்குனிய எல்லாம் பாக்கி வெச்சிருக்கேன். இனிமே ஒவ்வொண்ணா தந்துர்றேன்" என்று அவர் சொன்னதுதான், லோகநாயகி அவரிடமிருந்து கேட்ட மிக நீளமான காதல் பேச்சு.

அவள் தோளில் வைக்கும் கை, தொடக்கத்தில் விழாமல் இருப்பதற்காக வைத்த கைதான். சென்ற ஐப்பசியில் ஒருநாள் காடுவெட்டிப் பாலத்துக்கு அருகே மழைநீர் நிறைந்த பள்ளத்தில் வண்டி இறங்கி, இருவரும் விழுந்தார்கள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்குச் சட்டை முழுவதும் சேறு. "தண்ணி நின்னா பள்ளம் எப்டித் தெரியும்?" என்று அவர் சொன்னார். லோகநாயகிக்கு அந்தப் பள்ளம் தெரிந்திருந்தது. அதைச் சுற்றிச் செங்கற்களை அடுக்கி, ஒரு சிவப்புத் துணியைக்கூட யாரோ கட்டிவைத்திருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஒரு பள்ளம் வந்தபோது அவளுடைய விரல்கள் தாமாகவே அவருடைய தோளைத் தட்டின. உடனே வண்டியின் வேகம் குறைந்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் கட்டைவிரலால் கழுத்துப் பக்கம் அழுத்தினாள்; வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. நான்கு விரல்களாலும் வெளிப்பக்கம் இழுத்தாள், வலப்பக்கம் விலகியது. கைமுட்டியால் ஒரு குத்து விட்டாள், அப்படியே நின்றது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தை பிறப்பதற்குள் அவள் அவரை ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை ஒற்றைக் கையால் ஓட்டிச் செல்லத் தேர்ந்துவிட்டாள்.

அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். நாளை சொல்லலாம், திரும்பி வந்து சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். சொன்னால் வண்டி நின்றுவிடும் என்ற அச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் தனக்குத் தானேகூட ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தட்டலும் அதற்கு அவர் தரும் மறுமொழியும் அவளுக்குப் பிடித்திருந்தன.

பங்குனியின் இரண்டாம் வெள்ளிக்கிழமை செம்பரம்பாக்கத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏரியில் நீர் நிறைந்திருந்தது. கரையில் போர்வையை விரித்து இட்லியைத் தின்றுவிட்டு, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பூந்தமல்லியைக் கடந்து, சென்னீர்க்குப்பமும் தாண்டியபின், சாலையோரம் ஒரு மதிலை ஒட்டிப் புங்க மரங்கள் வரிசையாக நின்றன. புங்கம்பூ உதிர்ந்து தரை முழுவதும் பொரி கொட்டினாற்போலக் கிடந்தது. லோகநாயகி அதைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கணம் இருக்கும், மூன்றுகூட இராது.

முகத்தைத் திருப்பியபோது, நுங்கு வண்டிக்காரி ஒருத்தி தன் தள்ளுவண்டியின் முன்னால் குனிந்து, கீழே விழுந்த குலையை எடுத்துக்கொண்டிருந்தாள். லோகநாயகி கைமுட்டியால் ஓங்கிக் குத்தினாள். ஸ்கூட்டர் கிறீச்சிட்டு நின்றது. முன்சக்கரத்துக்கும் அந்தப் பெண்ணின் இடுப்புக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது.

"இன்னா பெருசு, கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று நுங்குக்காரி நிமிர்ந்தாள். "இம்மாம் பெரிய வண்டி நிக்குது, இம்மாம் பெரிய பொம்பள நிக்கிறேன்."

பரந்தாமன் கழுத்தை மட்டும் பின்னால் திருப்பினார்.

"சிக்னல் லேட்டும்மே" என்றார்.

அதில் கோபம் இல்லை. கூண்டிலிருந்து இறங்கி வந்து பாஸ்கரனிடம் சொல்லியிருக்கக்கூடிய தொனியில், வேலையில் நேர்ந்த ஒரு சிறு பிசகைச் சுட்டுவதுபோலச் சொன்னார். இவர் அரைகுறையாகப் பார்த்து ஓட்டுகிறார், அதற்குத் தான் துணையாக இருக்கிறோம் என்றுதான் லோகநாயகி இதுவரை எண்ணியிருந்தாள். அவர் பார்க்கவே இல்லை. முழுச்சுமையையும் அவளுடைய விரல்களில் தூக்கி வைத்துவிட்டு, மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பதுபோல நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்.

அவள் இறங்கி நுங்குக்காரியிடம், "மன்னிச்சிக்கம்மா, தப்பு எம்மேல" என்றாள்.

"நீ பின்னாடி குந்திகினு கீற. உம்மேல இன்னா தப்பு?" என்று அந்தப் பெண் வியந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பாஸ்கரன் வந்தார். ஒருகாலத்தில் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டிய அந்த இளைஞருக்கும் இப்போது அறுபத்து மூன்று வயது. பட்டாபிராமில் வீடு. மாதம் ஒருமுறை வந்து காபி குடித்துவிட்டுப் போவார்.

"இன்னா அண்ணாத்தே, லைசென்ஸ் எப்ப முடியுது?"

"வர்ற எட்டாந் தேதி."

"இந்த வயசுல புதுப்பிக்கணும்னா டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பான். கண்ணைப் பாப்பான்."

"பாக்கட்டுமே."

"கண்ணு நல்லா தெரியுதா?"

"உன் மூஞ்சி எதுர்ல இருக்கும்போது, தெரியாம இருந்தாத் தேவலைன்னு தோணுது" என்று சொல்லிவிட்டுப் பரந்தாமன் தண்ணீர் மோட்டாரைப் போட மாடிக்குப் போனார்.

லோகநாயகி காபித் தம்ளரை நீட்டியபடியே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தம்பி, நாலு நாளா செடிக்குத் தண்ணி ஊத்தசொல்லோ ஏதோ முணுமுணுக்கிறாரு. இ, எஃப், பி அப்டின்னு மந்திரம் மாதிரி வருது. அது இன்னா?"

பாஸ்கரன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அது நம்ம மெடிக்கல் சார்ட்டு அண்ணி. வருசா வருசம் கிரேன் ஆளுங்களுக்குக் கண்ணு பாப்பாங்க. லைன்ல நிக்கசொல்லோ எதுத்தாப்புல அதான் தொங்கும். எத்தினி வருசமானாலும் அதே சார்ட்டுதான். பாட்டு மாதிரி பதிஞ்சி பூடுச்சி. எனக்கே தெரியும், கேக்கிறியா?"

"அப்பவே இவருக்குக் கண்ணு சரியில்லையா?"

"சேச்சே. அப்பல்லாம் கழுகு. நான் சுண்டுவெரல ஆட்டினாக்கூட மேலேருந்து கண்டுபுடிச்சிருவாரு." பாஸ்கரன் ஒரு வாய் காபி குடித்தார். "ஒரு தபா நான் அவசரமா ஒண்ணுக்குப் பூட்டேன் அண்ணி. கையை எறக்கிட்டு ஓடிட்டேன். திரும்பி வந்து பாத்தா லோடு அப்டியே அந்தரத்துல தொங்குது. சூப்பர்வைசர் கீழேருந்து கத்தறாரு, மனுசன் அசையலியே. சிக்னல் இல்லன்னா நவுத்தக் கூடாது, அதான் ரூலு. மேல கீறவருக்கு எல்லாம் தெரிஞ்சாலும் சரி, கீழ கையி இல்லன்னா நிறுத்திடணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தவர், சிரிப்பை நடுவிலேயே நிறுத்தினார். மாடிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அந்தச் சார்ட்ட இப்ப இன்னாத்துக்கு அண்ணி சொல்லிப் பாக்கறாரு?"

லோகநாயகி முழங்கையிலிருந்த சிராய்ப்புத் தழும்பைத் தடவினாள். பாஸ்கரன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தரு கீறாரு. ஆளைக்கூட நிமிந்து பாக்க மாட்டாரு. பாரத்தை நீட்டினா கையெழுத்துப் போட்டுருவாரு. சொல்லட்டா?"

சொல்லுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். செவ்வாயும் வெள்ளியும் அப்படியே இருக்கும். இன்னும் ஐந்து பங்குனிகள். நுங்குக்காரியின் குனிந்த முதுகு அவள் கண்ணுக்குமுன் வந்து நின்றது.

"வேணாம் தம்பி. அவரு படிச்சிக் காட்டறேன்றாரு. காட்டட்டும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பூந்தமல்லிக்குப் போனார்கள். பேருந்து நிலையத்துக்கு அருகில் சிறிய கண் மருத்துவமனை ஒன்று இருந்தது. பரந்தாமன் இஸ்திரி போட்ட சட்டையும், தொழிற்சாலைக் காலத்தில் ஆய்வு நாள்களில் மட்டும் அணியும் தோல் இடைவாரும் அணிந்திருந்தார். வழியெல்லாம் லோகநாயகி எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், இருபது முறை தட்டி, ஆறு முறை ஒதுக்கி, மூன்று முறை நிறுத்தி அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இறங்கும்போது அவளுடைய மணிக்கட்டு மரத்துப்போயிருந்தது.

மருத்துவர் திவ்யாவுக்கு முப்பது வயதுக்குமேல் இராது. பரந்தாமனை நாற்காலியில் அமர்த்தி, வலக்கண்ணை ஒரு கறுப்பு மூடியால் மூடினார். எதிர்ச்சுவரில் ஒரு திரை ஒளிர்ந்தது.

"மேலேருந்து படிங்க ஐயா."

பரந்தாமன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "இ. எஃப், பி. டி, ஓ, இஸட். எல், பி, இ, டி" என்று தொடங்கி, வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுவதுபோல, நடுங்காத குரலில் ஐந்து வரிகளைச் சொல்லி முடித்தார். லோகநாயகி திரையைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். மேலே இருந்த எழுத்து இ அன்று. அதற்குக் கீழே இருந்தவையும் அவர் சொன்னவை அல்ல.

மருத்துவர் திவ்யா திரையை ஒருமுறை பார்த்தார். அவரை ஒருமுறை பார்த்தார்.

"எங்க வேலை பாத்தீங்க ஐயா?"

"ஆவடி. கிரேன் ஆபரேட்டர். முப்பத்தேழு வருசம்."

"அங்க இருந்த சார்ட்டை ரொம்ப நல்லாப் படிக்கிறீங்க. இந்தத் திரையில இருக்கறது வேற. ஒவ்வொருத்தருக்கும் நாங்க மாத்திருவோம்."

பரந்தாமனின் காதுகள் சிவந்தன. மருத்துவர் அதைப் பார்க்காதவர்போலத் திரையை மாற்றினார். "எழுத்து வேணாம். இப்ப ஒரே ஒரு குறிதான் வரும். அதுக்கு மூணு காலு இருக்கும். காலு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் கையைக் காட்டுங்க. அவ்வளவுதான்."

"டாக்டரம்மா, எம் பொண்டாட்டி பின்னால வந்து நிக்கட்டுமா? கொஞ்சம் படபடன்னு வருது."

"தாராளமா நிக்கட்டும்."

லோகநாயகி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். வலக்கை பழக்கத்தினால் அவருடைய வலத்தோளில் போய் அமர்ந்தது. அமர்ந்த பிறகுதான், அவர் எதற்காகத் தன்னை அழைத்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

திரையில் ஒற்றைக் குறி தோன்றியது. தாம்பாளம் அளவு இருந்தது. அதன் மூன்று கால்களும் வலப்பக்கம் பார்த்தன. பரந்தாமன் கையை மார்பளவு உயர்த்தி, அசையாமல் வைத்துக்கொண்டார். அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே தோளின் தசை விழித்திருந்தது. சாலைச் சந்திப்புகளில் எப்படிக் காத்திருக்குமோ அப்படிக் காத்திருந்தது. மருத்துவர் குனிந்து பாரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான்கு விரல்களால் வெளிப்பக்கம் ஓர் இழுப்பு. அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. முப்பத்து மூன்று பங்குனிகள் வாசலில் நின்றவளுக்கு இந்த ஓர் இழுப்பு பெரிய குற்றமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அவள் கையை எடுத்துவிட்டாள். எடுத்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கை அப்படியே உயர்ந்திருந்தது. வலமும் போகவில்லை, இடமும் போகவில்லை. மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. வெளியே வரிசை எண்ணைக் கூப்பிடும் குரல் இரண்டு முறை கேட்டது. பிறகு பரந்தாமன் கையை மெல்ல இறக்கி மடியில் வைத்தார்.

"தெரியலைம்மா" என்றார்.

அதன்பிறகு மருத்துவர் நெடுநேரம் சோதித்தார். கண்ணில் மருந்து விட்டு, விளக்கை அடித்து, கருவியில் மோவாயை வைக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு கண்களிலும் புரை முற்றியிருப்பதாகவும், முதலில் ஒரு கண்ணுக்கும் ஒரு மாதம் கழித்து மற்றொன்றுக்கும் அறுவை செய்துகொண்டால் பார்வை நன்றாகத் திரும்பும் என்றும் சொன்னார்.

"கண்ணு சரியானதும் வாங்க. அன்னிக்கே இந்தப் பாரத்துல கையெழுத்துப் போடறேன். இன்னிக்குப் போட முடியாது, தப்பா நெனச்சுக்காதீங்க." பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல, "இப்ப எதுல வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஸ்கூட்டர்ல" என்றாள் லோகநாயகி.

"யாரு ஓட்டினது?"

பரந்தாமன் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும்" என்றாள் லோகநாயகி.

வண்டியை மருத்துவமனை வாசலிலேயே விட்டார்கள். மாலையில் பாஸ்கரன் தங்களிடம் சாவியை வாங்கி வந்து எடுத்துச் செல்வார் என்று காவலாளியிடம் சொல்லி, சாவியை லோகநாயகி தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பரந்தாமன் அவளுக்கு நான்கடி முன்னால் நடந்தார். கண்ணில் விட்ட மருந்தினால் வெயில் கூசியது. அதற்காகவும் அவர் நிற்கவில்லை. பேருந்து நிலையத்துக் கொட்டகையின் சிமெண்டு இருக்கையில் ஓர் ஆள் இடம் விட்டு அமர்ந்தார். அவள் கூடையை அந்த இடத்தில் வைத்தாள்.

பரந்தாமன் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"கைய ஏன் எடுத்த?"

"அது தாம்பாளம் சைஸு இருந்திச்சிங்க."

"எது?"

"அந்தக் குறி. செவுத்துல பாதி அதான்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "அவ்ளோ பெருசா?"

"அவ்ளோ பெருசு."

எதிரே பழக்கடைக்காரர் ஒருவர் தர்ப்பூசணியை அறுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்பைப் பரந்தாமன் கண்களைச் சுருக்கிப் பார்த்தார்; அது என்னவென்று புரிந்ததா என்பதை லோகநாயகியால் சொல்ல முடியவில்லை.

"ஐப்பசியிலயே எனக்குத் தெரியும்" என்றாள். "சொல்லாம வெச்சிருந்தது எந் தப்பு. சொன்னா நீங்க வூட்ல குந்திருவீங்கன்னு பயந்தேன். அது மட்டுமில்ல." சற்றே தயங்கினாள். "நாஞ் சொல்றத நீங்க கேட்டுக்கினே வர்றது எனக்குப் புடிச்சிருந்திச்சி. நாப்பது வருசத்துல இந்த ஆறு மாசந்தான் எங் கையால பேசினேன், உங்க தோளு பதில் சொல்லிச்சி."

பரந்தாமன் இடைவாரை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். கண் மருந்து மூக்கில் இறங்கியிருக்கக்கூடும்.

"பாஸ்கரனவிட உன் சிக்னலு தேவலைதான்" என்றார். "இன்னா, கொஞ்சம் லேட்டா வரும்."

"புங்கம்பூவப் பாத்துட்டேங்க அன்னிக்கி."

"பாக்கத்தான கூட்டினு போனேன். நீ பாக்காம வேற யாரு பாக்கறது?" என்றவர், மறுபடி அந்தச் சிவப்பின் பக்கம் திரும்பி, "நான் ஒண்ணையும் பாக்கலியே" என்றார்.

அதை அவர் தன்னிரக்கத்தோடு சொல்லவில்லை. ஏரிக்கரையில் போர்வையை விரித்து அரை மணி நேரம் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த காலைகள் லோகநாயகிக்கு நினைவுக்கு வந்தன. இருவரும் என்று அவள்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே இருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு பேருந்து முனகிக்கொண்டு வந்து நின்றது. பரந்தாமன் எழுந்தார், கண்களை இடுக்கிப் பார்த்தார். பிறகு இடுக்குவதை விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் வாய்விட்டு உதவி கேட்டார்.

"போர்டுல இன்னா போட்டுக்கீது, பாரு."

"ஆவடிதாங்க. ஏறலாம்."

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து. லோகநாயகியிடம் காசு வாங்காமல், அவருக்கு மட்டும் சீட்டுக் கிழித்து நடத்துநர் நீட்டினார். "கூட்டினு போறவங்களுக்கு இலவசம், கூட வர்றவனுக்குத் துட்டா?" என்று பரந்தாமன் கேட்டதற்கு, "அரசாங்கத்தக் கேளு பெரியவரே" என்று நடத்துநர் நகர்ந்தார். கூட்டம் அதிகமில்லை. லோகநாயகி சன்னலோரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். பேருந்து சென்னீர்க்குப்பத்தைத் தாண்டியதும் அவர் கேட்டார்.

"ஆபரேசன் பண்ணா எத்தினி நாளு வெளிய போவக் கூடாதாம்?"

"ஒரு கண்ணுக்கு ரெண்டு வாரம்னாங்க. ரெண்டும் முடிய வைகாசி ஆயிரும்."

"பங்குனி பூடுச்சி அப்ப."

"போவட்டும். பஸ்ஸு கீதே. வெள்ளிக்கிழம இதே பஸ்ல வரலாம். உங்களுக்குத்தான் டிக்கெட்டு."

அவர் தலையசைத்தார். பேருந்து ஒரு திருப்பத்தில் மெதுவாகச் சென்றது. சாலையை ஒட்டி ஒரு வீட்டு மதிலுக்குமேல் சரக்கொன்றை ஒன்று முன்கூட்டியே பூத்து, இலையே தெரியாமல், மதிலிலிருந்து பாதிச் சாலைவரை சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மே, இந்த மஞ்சளா கீதே, இது இன்னாது?"

"சரக்கொன்றைங்க. பூத்துக் கொட்டுது."

"மரமா?" பரந்தாமன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் போய்க்கொண்டிருந்த அந்த மஞ்சளைத் திரும்பிப் பார்த்தார். "பத்து நாளா யாரோ தண்ணி லாரிய ரோட்டோரமா நிறுத்தி வெச்சிருக்கான்னு நெனச்சேன். ஒவ்வொரு தபாவும் அத்தப் பாத்து, ஒதுங்கி ஒதுங்கிப் போனேன்."

லோகநாயகி உடனே சிரிக்கவில்லை. பேருந்து அடுத்த நிறுத்தத்தில் நின்று, இரண்டு பேர் இறங்கி, மறுபடியும் புறப்பட்ட பிறகு சிரித்தாள். முன்னிருக்கைப் பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பரந்தாமன் சிறிது நேரம் முறைப்பாக இருந்துவிட்டு, "அடுத்தது இன்னா வருது, சொல்லு" என்றார்.